அறிஞர் குமரப்பாவும் நிலைத்த செல்வமும்

திருவல்லிக்கேணி பழம்பெரும் பதி. பார்த்தசாரதிப் பெருமாள் திருக்கோயிலையும் அதன் குளத்தையும் நடுவாகக் கொண்டு எழுந்த இவ்வூரின் கீழ்பால் வங்கக் கடல் அலை வீசிக் கிடக்கின்றது. முன்னாளில் இவ்வூர்க் கடைத்தெருவிற் பூ வாங்குவார் அதனை வாழையிலையிற் பொதிந்து பெற்றனர்; பருப்பும் புளியும் காகிதப் பொட்டலத்தில் நூல் சுற்றிப் பெற்றனர்; எண்ணெய்க்கு வீட்டிலிருந்தே தூக்குப் பாத்திரங் கொண்டு சென்றனர். இலை மண்ணாயிற்று, காகிதம் அடுப்புக்கு உதவிற்று, பாத்திரம் மறுநாளும் கடைக்குச் சென்றது. குப்பை என்று சொல்லத்தக்கது சிறிதேயாம்.

பிளாஸ்டிக் எனப்படும் நெகிழி வந்தபின் இந்நிலை மாறிற்று. காற்றினும் மெல்லிய பை ஒன்று கடையிலிருந்து வீடு சேருமளவும் பயன்பட்டு, அதன்பின் தலைமுறை பலவற்றிற்கு நில்லாநின்றது. மண்ணிலிட்டால் அது மட்குவதில்லை. தீயிலிட்டால் நச்சுப்புகை கக்கும். கால்வாயிலிட்டால் நீரை அடைத்து, மழைநாளிற் கடலைச் சேரும். இத்தீங்கினை உணர்ந்தே தமிழ்நாட்டரசு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களில் 14 வகையை 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டுத் தடைசெய்தது; 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்னும் இயக்கத்தையும் தொடங்கிற்று.

இத்தீங்கிற்கு மருந்தாக இன்று பலரும் எடுத்துரைப்பது உயிர்நெகிழி என்பதாம். நாம் கண்ட நெகிழி பெட்ரோலியத்திலும் நிலவாயுவிலும் இருந்து பிறந்தது. உயிர்நெகிழியோ செடிகொடிகளிலிருந்தும் நுண்ணுயிர்களிலிருந்தும் பிறப்பது. கரும்பு, மக்காச்சோளம், மரவள்ளி ஆகியவற்றின் சர்க்கரையையும் மாவையும் நுண்ணுயிரால் நொதிக்கவைத்து லாக்டிக் அமிலமாக்கி, அவ்வமிலத்தின் அணுத்திரள்களைச் சங்கிலிபோற் கோத்து ஒருவகை நெகிழி செய்கின்றனர். பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் லெமுவான் என்பார், சில பாக்டீரியங்கள் நாம் கொழுப்பைச் சேமிப்பதுபோல் நெகிழியொத்த ஒரு பொருளைத் தம் உடலுட் சேமித்து வைத்தலை 1926-லேயே கண்டறிந்தார். ஆகவே இது புதுமை அன்று. எனினும் உலகிற் செய்யப்படும் நெகிழி அனைத்தையும் நோக்க, உயிர்நெகிழி இன்றும் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவேயாம்.

செடியிலிருந்து பிறந்தது என்னும் ஒன்றானே ஒரு பொருள் நன்றாகிவிடுமா? அதனை அளக்குங் கோல் யாது? இவ்வினாவிற்கு விடை தேடுவார்க்கு, தஞ்சையிற் பிறந்து சென்னையில் உயிர்நீத்த தமிழர் ஒருவரின் வாழ்க்கை வழிகாட்டும். அவர் உயிர்நெகிழி கடைக்கு வருமுன்னரே மறைந்தவர். ஆயினும் அதனை அளத்தற்குரிய கோலை நமக்கு விட்டுச் சென்றவர். அவரே ஜே. சி. குமரப்பா ஆவார்.

குமரப்பா 1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் சாலமோன் துரைசாமி கொர்னேலியஸ் பொதுப்பணித் துறையில் அலுவல் பார்த்தவர். அன்னையார் எஸ்தர் இராஜநாயகம் அம்மையார். பெற்றோர் மகற்கு இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை என்பது. குடும்பத்தின் பழம்பெயராகிய குமரப்பா என்பதனை அவரும் உடன்பிறந்தாரும் பிற்காலத்தே மேற்கொண்டனர். இவர்தம் இளவல் பாரதன் குமரப்பாவும் பின்னாளிற் காந்தியடிகளின் தொண்டருள் ஒருவராய் விளங்கினார்.

இளமையிலேயே குமரப்பா இலண்டன் மாநகர் சென்று கணக்காய்வுக் கலை பயின்று தேறினார். அங்குச் சில ஆண்டுகள் தொழில் புரிந்து, முதல் உலகப் போர் முடிந்தபின் தாயகம் மீண்டு, பம்பாயில் தணிக்கையாளராய் அமர்ந்தார். உடையிலும் உணவிலும் பழக்கத்திலும் அவர் அந்நாளில் முழு ஆங்கிலேயராகவே வாழ்ந்தார். பிறருடைய வரவு செலவைத் துருவி நோக்கி, எங்கே முதல் கரைகின்றது, எங்கே பொய்க்கணக்கு ஒளிந்துள்ளது என்று கண்டுபிடித்தலே அவர் தொழில். இத்தொழிற்பழக்கம் அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை என்பதனை நண்பர்கள் நினைவிற் கொள்க.

அவர் பின்னர் அமெரிக்கா சென்று, சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வாணிப நிருவாகப் பட்டம் பெற்று, நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்திற் செலிக்மன் என்னும் புகழ்பெற்ற பேராசிரியரிடம் பொது நிதியியல் பயின்றார். இந்தியா ஏன் வறுமையுற்றது என்பது பற்றி அவர் அந்நாட்டில் ஆற்றிய ஒரு சொற்பொழிவு செய்தித்தாளில் வெளிவந்தது. அதனைக் கண்ட பேராசிரியர் அப்பொருளையே ஆராயுமாறு மாணவரைத் தூண்டினார். அவ்வாறே குமரப்பா ஆங்கில ஆட்சியின் வரவு செலவைத் தணிக்கையாளர் கண்கொண்டு ஆராய்ந்தார். இந்திய மக்கள் செலுத்திய வரி அம்மக்களின் நலத்துக்குப் பயன்படாது வேறு வழியிற் செல்வதனை அவர் கண்டார். பிறர் கணக்கிற் பிழை கண்டு பழகியவர், தம் தாய்நாட்டின் கணக்கிற் பெரும் பிழையைக் கண்டு உள்ளம் மாறினார்.

தாம் எழுதிய ஆராய்ச்சியைக் காந்தியடிகளிடம் காட்ட விரும்பி 1929-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள் சபர்மதி ஆசிரமம் சென்றார். குறித்த நேரத்திற்கு முன்னரே சென்றுவிட்டமையால் ஆற்றங்கரைப் பக்கம் உலாவினார். அங்கே ஒரு மரத்தடியிற் சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து முதியவர் ஒருவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். இராட்டையை முன்பு கண்டறியாத குமரப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு அதனையே நோக்கி நின்றார். சிறிது பொழுது கழிந்தபின் அம்முதியவர் புன்முறுவலுடன் வினவ, அவரே காந்தியடிகள் என்பது தெரிந்தது. பட்டாடை உடுத்த தணிக்கையாளர் அவ்வுடை கசங்குதலையும் பொருட்படுத்தாது அத்தரையிலேயே அமர்ந்தார். அன்று தரையில் அமர்ந்தவர் பின்னர் உயர்ந்த இருக்கையை நாடவேயில்லை.

காந்தியடிகள் அவர்க்கு அளித்த முதற்பணி குஜராத்தின் கேடா மாவட்டத்து மாத்தர் வட்டத்துச் சிற்றூர்களின் பொருள்நிலையை ஆராய்தல். குமரப்பா குஜராத் வித்யாபீட மாணவர் குழுவுடன் ஊர் ஊராய்ச் சென்று குடியானவரின் வரவையும் கடனையும் கணக்கிட்டார். பெரும் வாணிப நிலையங்களின் கணக்கைப் பார்த்த கண்கள் அன்றுதொட்டு உழவன் வீட்டுக் கலயத்தின் கணக்கைப் பார்க்கலாயின. உப்பு அறப்போர்க் காலத்தில் யங் இந்தியா இதழின் ஆசிரியப் பணியை ஏற்று எழுதியமையாற் சிறை புகுந்தார். அதன் பின்னரும் பலமுறை சிறைவாசம் அவர்க்கு வாய்த்தது.

கணக்கிற் கண்டிப்பு என்பது குமரப்பாவின் பிறவிக்குணம். 1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பீகாரை நிலநடுக்கம் குலைத்தபோது, துயர்துடைப்பு நிதியின் கணக்கை மேற்பார்க்கும் பொறுப்பு அவரைச் சார்ந்தது. தொண்டர் ஒருவர்க்கு நாள் ஒன்றுக்கு மூன்று அணா உணவுச் செலவு என அவர் வரையறுத்தார். காந்தியடிகள் தம் குழுவினருடன் அங்கு வந்தபோது, அக்குழுவின் செலவை அந்நிதியிலிருந்து தர இயலாது என்று தெரிவித்துவிட்டார். துயருற்றார்க்கென வந்த பொருள் துயருற்றார்க்கே சேரவேண்டும் என்பது அவர் கொள்கை. அடிகள் அதனைக் கேட்டுச் சினவாது ஏற்றார். தலைவர்க்கும் விலக்களிக்காத தணிக்கையாளர் அவர்.

அவ்வாண்டின் இறுதியில் அனைத்திந்தியக் கிராமத் தொழிற் சங்கம் தோன்றிற்று. அதன் செயலாளராய் அமர்ந்து வார்தா நகரத்து மகன்வாடியிற் குமரப்பா ஆற்றிய பணியே நம் வினாவிற்கு மிக அணுக்கமானது. செக்கில் எண்ணெய் ஆட்டுதல், கையாற் காகிதஞ் செய்தல், தேனீ வளர்த்தல், பனைவெல்லங் காய்ச்சுதல், கழிவினை எருவாக்கல் முதலிய தொழில்கள் அங்கே ஆராயப்பட்டன, செம்மை செய்யப்பட்டன, மாணவர்க்குக் கற்பிக்கவும்பட்டன. சங்கத்தின் வெளியீடுகள் கையாற் செய்த காகிதத்திலேயே அச்சாயின.

அப்பணிகளுள் ஒன்றனை மட்டும் இங்கு விரித்துரைத்தல் தகும். அந்நாளிற் சிற்றூர்களெல்லாம் கப்பலில் வந்த மண்ணெண்ணெயைக் கொண்டே விளக்கேற்றின. ஊரில் விளைந்த எள்ளும் கடலையும் இருக்க, இருளை நீக்க அயல்நாட்டார் கையை நோக்கவேண்டியிருந்தது. பழைய அகல் விளக்கோ படிப்பதற்குப் போதிய ஒளி தருவதன்று. ஆகவே செடியெண்ணெயைக் கொண்டே தெளிந்த ஒளி தரும் விளக்கொன்றை மகன்வாடியிலுள்ளார் அமைத்து, அதற்கு மகன்தீபம் எனப் பெயரிட்டனர். நிலத்தடியிலிருந்து வரும் எண்ணெய்க்கு மாறாக வயலிலிருந்து வரும் எண்ணெய்! இன்று உயிர்நெகிழி செய்வார் செய்யக் கருதுவதும் இவ்வகையான மாற்றமேயன்றோ? அவ்வகையில் குமரப்பாவை அவர்தம் முன்னோடி எனக் கூறுதல் மிகையாகாது.

1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தின்போது மீண்டும் சிறைப்பட்ட குமரப்பா ஜபல்பூர்ச் சிறையில் இரு நூல்களை எழுதினார். ஒன்று இயேசு பெருமானின் போதனையையும் வாழ்வையும் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரம் என்று பொருள்படும் தலைப்புடையது. அது 1945-ல் காந்தியடிகளின் முன்னுரையுடன் வெளிவந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இந்நூலே அவர் புகழை நிலைநிறுத்திற்று.

அந்நூலில் அவர் இயற்கையின் செல்வத்தை இரு கூறாக்கினார். நிலக்கரி, பெட்ரோலியம், இரும்பு, செம்பு முதலியன நிலத்துள் ஓரளவாக வைக்கப்பட்டவை, எடுக்க எடுக்கக் குறைவன, ஆதலின் நிலையாதன. ஆற்றின் ஓட்டமும் காட்டின் ஆண்டு வளர்ச்சியும் அத்தன்மையன அல்ல, மிகுதியாய் வருவதனை மட்டும் எடுத்துக்கொள்வார்க்கு அவை என்றும் வற்றாதன, ஆதலின் நிலைத்தன. தணிக்கையாளர் மொழியிற் கூறின், முன்னது முதல், பின்னது அம்முதலின் வருவாய். வருவாயை உண்பவன் வாழ்வான். முதலை வருவாயென எண்ணி உண்பவன் ஒருநாள் வெறுங்கையனாவான். விதைநெல்லைக் குற்றி விருந்திடுதலை நம் உழவர் எவரேனும் செல்வமென்பரோ? நிலையாத செல்வத்தின்மேற் கட்டிய வாழ்வு பூசலுக்கும் போருக்கும் வழிவகுக்கும் என்றும் அவர் எடுத்துக் காட்டினார். எண்ணெய்க் கிணறுகளைக் குறித்து நாடுகள் பொருத வரலாற்றை அறிந்த நாம் அவர் கூற்றின் மெய்ம்மையை எளிதில் உணரலாம்.

பொருளீட்டும் முறைகளையும் அவர் ஐந்து படிகளாக வகுத்தார். பிறிதோர் உயிரை அழித்து வாழும் ஒட்டுண்ணி முறை முதற்படி. மாந்தோப்பிற் புகுந்த குரங்குபோல் உழைக்காது கவரும் கொள்ளை முறை இரண்டாம்படி. தேனை எடுக்கும்போதே மலர்க்கு மகரந்தங் கொணர்ந்து நன்மை செய்யும் தேனீயின் முயற்சி மூன்றாம்படி. அத்தேனீ தனக்கென்றின்றிக் கூட்டத்திற்கென்று உழைத்தல் நான்காம்படி. கைம்மாறு கருதாது குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவையின் தொண்டு ஐந்தாம்படி. மனிதன் முதற்படியிலிருந்து ஐந்தாம்படிக்கு ஏறவேண்டும் என்பதே அவர் நூலின் கருத்து.

இனி, உயிர்நெகிழியை இக்கோல்கொண்டு அளப்போம். பெட்ரோலியத்தை விட்டுச் செடியை நாடுதலால் அது முதலை விட்டு வருவாயை நாடுகின்றது. இஃது ஒரு நன்மையே. ஆயின் குமரப்பா அவ்வளவில் நிற்பவர் அல்லர். அவர் நாளில் மலையாள நாட்டு நெல்வயல்கள் தென்னந்தோப்பாக மாறலாயின. அத்தேங்காயின் எண்ணெய் சவர்க்கார ஆலைகட்குச் சென்றது. தென்னையும் செடிவகையே, அதன் எண்ணெயும் ஆண்டுதோறும் வருவதே. எனினும் சோறு விளைந்த நிலம் சவர்க்காரம் விளைக்கும் நிலமாயிற்றே என்று குமரப்பா கண்டித்தார். ஊரார்க்கு வேண்டிய உணவும் உடையும் விளைந்தபின்னரே நிலத்தை ஆலைப்பயிர்க்கு விடலாம் என்பது அவர் வகுத்த முறை.

உத்தரப் பிரதேசத்துக் கும்பியில், கரும்புச் சர்க்கரையிலிருந்து உயிர்நெகிழி செய்யும் பேராலை ஒன்றிற்கு 2025-ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டது. கரும்போ நீரை மிகுதியாக வேண்டும் பயிர். இத்தகைய ஆலைகள் பல்கும் காலத்து, ஒரு குவளை செய்யச் சென்ற நீரும் நிலமும் எவருடைய சோற்றிலிருந்து எடுக்கப்பட்டன என்று கேட்டல் நம் கடன். சக்கையும் வைக்கோலும் போன்ற வீண்பொருளிலிருந்து செய்யின் அவ்வினா எழாது. குமரப்பாவும் அவர் தோழரும் கரும்பினும் பனையைப் போற்றியமைக்குக் காரணம் இதுவே. பனை நன்செய் நிலத்தை வேண்டுவதில்லை. தரிசிலும் கரையிலும் தானே நின்று இனிப்புத் தரும்.

எடுத்ததனை மண்ணுக்குத் திருப்பித் தருதலும் குமரப்பாவின் கணக்கில் ஒரு பெருஞ்செலவினம். கழிவை எருவாக்கிக் கழனிக்கு இடாத ஊர் கடன்பட்ட ஊர் போன்றது. உயிர்நெகிழி மட்கும் என்பர்; ஆனால் எங்கே மட்கும் என்பதனைப் பலர் வினவுவதில்லை. மட்கும் நெகிழிக்கெனப் பன்னாட்டார் வகுத்த தரவிதியின் சோதனை, ஏறத்தாழ 58 பாகை வெப்பமுள்ள எருவாலைச் சூழலில், 180 நாளுக்குள் அதன் கரியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கேனும் கரியமில வாயுவாக மாறவேண்டும் என்கின்றது. அத்தகைய வெப்பம் எருவாலையில் உண்டு. மெரினாக் கடற்கரை மணலில் இல்லை. பக்கிங்காம் கால்வாயிலும் இல்லை. லாக்டிக் அமில நெகிழியாலாய குவளை கடலில் வீழின் நெடுங்காலம் அங்கேயே கிடக்கும். செடியிலிருந்து செய்யப்பட்டும் சிறிதும் மட்காத நெகிழியும் உண்டு. ஆகவே தனியே பிரித்துத் திரட்டி எருவாலைக்குச் சேர்ப்பிக்கும் ஏற்பாடு இல்லாத ஊரில், மட்கும் என்னும் சொல் பையின்மேல் அச்சிட்ட வெறும் எழுத்தாய் ஒழியும். வாங்குவோன் அவ்வெழுத்தை நம்பிக் கவலையின்றி எறிவானாயின், நன்மையென வந்தது தீமைக்கே துணையாகும்.

இவ்வாறு கூறுதலால் உயிர்நெகிழி பயனற்றது என்று கொள்ளற்க. அறுவை மருத்துவர் உடலினுள் இட்டுத் தைக்கும் நூல், புண் ஆறியபின் தானே கரைந்து மறைவது, இவ்வினத்து நெகிழியாலேயே செய்யப்படுகின்றது. அங்கே வாழையிலையும் மஞ்சப்பையும் உதவா. குமரப்பாவும் பொறியை முற்றும் வெறுத்தவர் அல்லர். இருப்புப்பாதை, அஞ்சல் போன்றவை பெருநிலையில் நடைபெற வேண்டியவை என்றும், அவற்றை ஊதியங் கருதாது அரசு நடத்துக என்றும் அவர் ஒப்பினார். பாக்குமட்டைத் தட்டும் துணிப்பையும் செய்யவல்ல வேலையை ஆலைக்குத் தருதலாற் கையிழந்து நிற்பார் யார் என்பதே அவர் கேட்கும் கேள்வி. அதற்கு விடை கூறாது, புதிய பண்டத்தால் மட்டும் நிலைத்த பொருளாதாரம் அமையும் என்றல் பொய்க்கணக்காம்.

அவர் கூறியதனை நாடு முழுதும் கேட்டதென்று சொல்லுதற்கில்லை. 1938-ல் அமைந்த தேசியத் திட்டக் குழுவிலிருந்து கருத்து வேற்றுமையால் அவர் விலகினார். விடுதலைக்குப் பின் காங்கிரசின் நிலச் சீர்திருத்தக் குழுவிற்குத் தலைமை தாங்கி 1949-ல் அறிக்கை அளித்தார். நாடோ பேராலை வழியையே பெரிதும் மேற்கொண்டது. எனினும் அவர் சொல் வீண்போகவில்லை. ஷூமாக்கர் என்னும் பொருளியலறிஞர் 1973-ல் வெளியிட்டு உலகப் புகழ்பெற்ற சிறியதே அழகு என்னும் நூலில் குமரப்பாவின் கருத்தை எடுத்தாண்டுள்ளார்.

உடல்நலம் குன்றிய பின்னர்க் குமரப்பா மதுரை மாவட்டத்துத் தே. கல்லுப்பட்டியிலுள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் ஒரு சிறு குடிலில் வாழ்ந்தார். அவர் மணம் புரிந்துகொள்ளவில்லை. அக்குடிலின் சுவரில் ஏழைச் சிற்றூரான் ஒருவனுடைய படம் தொங்கிற்று. அது யாருடைய படம் என்று வினவியவர்க்கு, தம் ஆசான் காந்தியடிகள் என்றும், படத்திலுள்ளவன் தம் ஆசானுக்கும் ஆசான் என்றும் அவர் விடை கூறினாராம். 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், தம் ஆசான் உயிர்துறந்த அதே நாளில், சென்னையில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

நண்பர்களே! 1904-லேயே பொதுமக்கள் ஒன்றுகூடித் தம் பண்டங்களை நேர்மையான விலைக்குத் தாமே வாங்கிப் பகிர்ந்துகொள்ளக் கூட்டுறவுச் சங்கம் கண்ட ஊர் திருவல்லிக்கேணி. வாங்கும் பொருளின் நிறையையும் விலையையும் ஆராய்ந்தவர் இவ்வூரார். அப்பொருளைச் சுமக்கும் பையின் பிறப்பையும் இறப்பையும் ஆராய்தல் அவர்க்கு அரிதன்று. இப்பை எங்கிருந்து வந்தது? எவர் நிலத்தை உண்டது? எவர் கைக்குக் கூலி தந்தது? எந்த மண்ணிற் சேரும்? இந்நான்கு வினாவையும் கடைத்தெருவிற் கேட்டு வாங்குபவன், பட்டம் பெறாதவனாயினும் குமரப்பாவின் மாணவனே ஆவான். இவ்வினாக்களுக்கு உயிர்நெகிழி நேர்மையாக விடை தருமாயின் அதனை வரவேற்போம். தாராதாயின், நம் பாட்டியர் கொண்டுசென்ற துணிப்பையும் தூக்குப் பாத்திரமும் இன்னும் பரணில் உள்ளன.

வாழ்க குமரப்பாவின் புகழ்!